ஊகமும் துணிபும்: 'வந்திருக்க வேண்டும்' என்னும் தொடரின் பொருள் மயக்கமும் ஆங்கிலத் துணைவினைகளும்

முன்னுரை

நேரில் காணாத ஒன்றைச் சான்றுகொண்டு கூறுவோர் தம் உறுதியின் அளவையும் சேர்த்தே கூறுகின்றனர். ஆங்கிலம் இதற்கு 'மஸ்ட்', 'மே', 'மைட்', 'கான்ட்' முதலிய துணைவினைகளைக் கையாள்கிறது. இற்றைத் தமிழில் 'வேண்டும்', '-லாம்', 'முடியாது' ஆகியன இப்பணியைச் செய்கின்றன. கடமையும் இசைவும் உணர்த்தும் சொற்களே துணிபும் ஊகமும் உணர்த்துவது இரு மொழிக்கும் பொது. இதனால் தமிழில் எழும் பொருள் மயக்கத்தையும் அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கண மரபு

தொல்காப்பிய இடையியல் உம்மையின் எட்டுப் பொருள்களுள் ஐயத்தையும், ஏகாரத்தின் ஐந்து பொருள்களுள் தேற்றத்தையும் வைக்கிறது; 'மன்ற' என்னும் சொல்லும் தேற்றம் உணர்த்தும் என்கிறது. 'மழை வந்தாலும் வரும்' என்னும் வழக்கில் ஐயவும்மை இன்றும் வாழ்கிறது. எனினும், இடைச்சொற்கள் உணர்த்திய இப்பொருள்களை இற்றைத் தமிழ் பெரிதும் துணைவினைகளால் உணர்த்துகிறது.

ஒரு தொடர், எதிரெதிர்ச் செய்திகள்

திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள அண்ணனூர் புறநகர் நிலையத்தில் இருவர் பேசுவதாகக் கொள்வோம்.

அ. நடைமேடையில் ஒருவரும் இல்லை. வண்டி வந்திருக்க வேண்டும்.
ஆ. மணி ஏழாகிவிட்டது, ஆறரைக்கே வண்டி வந்திருக்க வேண்டும்.

முதற்கூற்றில் வண்டி வந்துபோயிற்று என்பது துணிபு. இரண்டாவதில் வண்டி வரவில்லை என்பது குறை. வினைத்தொடர் ஒன்றே, உணர்த்தும் செய்திகளோ எதிரெதிர். ஆங்கிலம் முன்னதற்கு 'மஸ்ட் ஹேவ்' என்றும் பின்னதற்கு 'ஷுட் ஹேவ்' என்றும் சொல்லை வேறுபடுத்தும். தமிழில் சூழலே வேறுபடுத்துகிறது.

'வந்திருக்கலாம்' என்பதும் இத்தகையதே. 'வண்டி பணிமனைக்குச் சென்றிருக்கலாம்' என்பது ஊகம். 'முன்பே சொல்லியிருக்கலாம்' என்பது பெரும்பாலும் மனக்குறை.

எதிர்மறை தரும் தெளிவு

எதிர்மறையில் இம்மயக்கம் பெரிதும் நீங்குகிறது. 'வந்திருக்க வேண்டாம்', 'வந்திருக்கக் கூடாது' என்பன துணிபை உணர்த்துவதில்லை. எதிர்மறைத் துணிபுக்கு 'வந்திருக்க முடியாது', 'வந்திருக்காது' என்பனவே வருகின்றன. ஆங்கிலத்திலும் 'மஸ்ட் நாட்' பொதுவாகத் தடையையே குறிக்கும்; எதிர்மறைத் துணிபுக்கு 'கான்ட்' வரும். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகளும் இங்கு ஆற்றலுணர்த்தும் சொல்லையே நாடுகின்றன. ஒன்று நிகழ்ந்தே தீர்ந்தது எனத் துணிதல், அது நிகழாதிருத்தல் இயலாது என்பதற்கு ஒப்பாகும்.

இதிலிருந்து ஒரு சோதனை பெறப்படுகிறது. ஐயத்திற்குரிய தொடரை இரட்டை எதிர்மறையாக மாற்றிப் பார்க்கலாம். முதற்கூற்று 'வராமல் இருந்திருக்க முடியாது' என்றும், இரண்டாவது 'வராமல் இருந்திருக்கக் கூடாது' என்றும் அமையும். '-லாம்' ஈற்றுத் தொடராயின், 'சென்றிருக்கலாம், செல்லாமலும் இருந்திருக்கலாம்' என நீட்டியும் பொருள் குலையாது நின்றால் அது ஊகம். மனக்குறைத் தொடர் அவ்வாறு நீளாது.

முடிவுரை

'அவர் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டும்' என்று சாட்சி ஒருவர் கூறுவதை மொழிபெயர்ப்பவர் 'மஸ்ட் ஹேவ்' என்றால் பணம் கொடுக்கப்பட்டது என்னும் துணிபாகும். 'ஷுட் ஹேவ்' என்றால் கொடுக்கப்படவில்லை என்னும் குற்றச்சாட்டாகும். வழக்கின் போக்கே இதனால் மாறக்கூடும். எனவே, துணைவினைகளுக்குச் சொல்லுக்குச் சொல் நிகரன் தரும் பட்டியல்கள் மொழிபெயர்ப்புக்கும் மொழி கற்பித்தலுக்கும் போதா. இத்தொடர்களின் எதிர்மறை வடிவங்களையும் உடன்வைத்து விளக்குதல் இன்றியமையாததாகும்.