ஓய்வும் பயணத்தின் ஒரு பகுதியே



"நேற்று வேலையில்லை, ஒரு நாள் வீணாகப் போயிற்று" என்று தோட்டத்திலே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓய்வு நாள் வீண் நாள்தானா? சைக்கிள் பயணம் ஒன்றிலே நான் கற்றுக்கொண்ட பாடத்தைக் கொண்டு இதை இன்று விளக்க விரும்புகிறேன்.

ஒரு பள்ளி விடுமுறையில் நானும் சக ஆசிரியர்கள் இருவரும் ஈப்போவிலிருந்து சைக்கிளில் புறப்பட்டோம். மலைத்தொடரைக் கடந்து, பகாங் மாநிலத்து ரவுப் நகரை அடைவது எங்கள் நோக்கம். கம்பார், தாப்பா, பீடோர், தஞ்சோங் மாலிம் என்று பழைய பெருஞ்சாலை வழியே மிதித்து, இரண்டாம் நாள் மாலை சிலாங்கூரிலுள்ள கோலகுபு பாருவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து 'கேப்' என்னும் கணவாய்க்குப் போக வேண்டும். பெரும்பகுதி ஏற்றம்.

"நாளை இங்கே தங்குவோம்" என்றார் எங்களில் மூத்தவர். எனக்குப் பிடிக்கவில்லை. "இரண்டு நாளிலேயே ஓய்வா?" என்று கேட்டேன். மறுநாள் காலை விடுதியின் மாடிப்படியில் இறங்கியபோது தொடைகள் இரண்டும் கல்லாய்க் கனத்தன. பேசாமல் போய்த் தோசை சாப்பிட்டேன்.

உடலுக்கு என்ன நேர்ந்தது? நாம் உண்ணும் சோறு, ரொட்டி போன்றவற்றின் சத்தைத் தசைகள் கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமித்து வைக்கின்றன. மணிக்கணக்கில் மிதித்தால் அந்தச் சேமிப்புக் கரைந்துபோகும். அது மீண்டும் நிரம்ப, நல்ல உணவோடு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். கடும் உழைப்பால் தசை நார்களில் நுண்ணிய சேதங்களும் உண்டாகின்றன. அவற்றை உடல் தானே சரிசெய்துகொள்ளும். அதற்குத் தூக்கம் மிக அவசியம். வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் போட்டியிலே, மூன்று வாரத்தில் 21 கட்டங்களை ஓட்டுகிற வீரர்களுக்கே இரண்டு ஓய்வு நாட்கள் உண்டு. அன்றும் அவர்கள் படுத்தே கிடப்பதில்லை. சிறிது நேரம் மெதுவாக ஓட்டுவார்கள். இலேசான அசைவு இரத்த ஓட்டத்துக்கு நல்லது.

நாங்களும் படுத்துக் கிடக்கவில்லை. காலையில் எங்கள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டோம். மூன்று பேர் துணிக்கே எனக்கு இடுப்பு வலித்தது. வீட்டிலே ஏழு பேர் துணியைத் துவைக்கும் என் மனைவியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு சைக்கிள்களைக் கவிழ்த்துப் போட்டுச் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டோம். டயர்களில் குத்தியிருந்த கண்ணாடித் தூள்களை எடுத்தோம். என் சைக்கிளின் பின் பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு வெளியே தெரிந்தது. கேப்பைத் தாண்டினால் ரவுப் பக்கம் நீண்ட இறக்கம். வளைவுக்கு மேல் வளைவு. அன்று நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருந்தது. சைக்கிள் கடையில் புதுக் கட்டை வாங்கி மாட்டினோம்.

மாலையில் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். பெயரிலே 'பாரு', அதாவது 'புதிய' என்ற சொல் வந்ததற்குக் காரணம் உண்டு. பழைய கோலகுபு அருகில் இருந்தது. 1883ஆம் ஆண்டிலே அங்கிருந்த பழைய அணை உடைந்து, ஊர் பெரும் சேதமடைந்தது. பல உயிர்கள் மாண்டன. அந்த இடத்துக்கு இன்றும் 'அம்பாங் பெச்சா', அதாவது 'உடைந்த அணை' என்றே பெயர். பின்னாளிலும் வெள்ளமும் ஆற்றுமணலும் தொல்லை கொடுத்தன. ஆகவே சார்லஸ் ரீட் என்ற நகர அமைப்பாளரின் திட்டப்படி, மேட்டு நிலத்திலே புதிய ஊரை அமைத்தார்கள்.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். நின்று நின்று ஏறினாலும் மூவரும் கேப்பை அடைந்தோம். புதுப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இறங்கினோம்.

அந்த ஏற்றத்திலே என் தந்தையார் நினைவுதான் எனக்கு. அவர் பால்மரம் வெட்டியவர். கூடுதல் சம்பளம் கிடைக்குமென்று ஓய்வு நாளிலும் கத்தியை எடுத்துக்கொண்டு போவார். அந்தக் காசில்தான் நான் படித்தேன். அதை மறக்க மாட்டேன். ஆனால் ஐம்பது வயதிலே அவர் முதுகு வளைந்துவிட்டது. அவர் பிரேக் கட்டையை யாரும் பார்க்கவில்லை.

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாளை ஓய்வு நாளாக அளிக்கிறது. வீட்டுத் தேவை நெருக்கும்போது அன்றும் வேலைக்குப் போக நேரிடலாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதை வழக்கமாக்கிவிடாதீர்கள். அந்த நாளில் நன்றாகத் தூங்குங்கள். பிள்ளைகளோடு சற்று நடந்து வாருங்கள். நாள்பட்ட வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. தாய்மார்களுக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு? ஆண்களும் பிள்ளைகளும் அன்று ஒரு வாளித் துணியையாவது துவைத்துக் கொடுங்கள். ஓய்வு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அது வீட்டார் அனைவருக்கும் உரியது.