கூரையிலிருந்து கொட்டும் வெளிச்சம்

பால் காய்ச்சிக் குடிபோய்ச் சில வாரங்களிலேயே புது அடுக்குமாடி வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம வீட்டுல இருக்கிற மாதிரியே இல்லை." உடனே சோபாவை மாற்றுகிறார்கள், சுவருக்கு வேறு நிறம் பூசுகிறார்கள். அதற்கெல்லாம் முன்பு அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பேன்.

ஃபால்ஸ் சீலிங் முழுக்க எல்இடி விளக்குகள். அவை வந்த அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் 6500 கெல்வின் என்றிருக்கும். மேகம் மூடிய பகல் வானத்தின் நீலம் கலந்த வெள்ளை அது. பழைய குண்டு பல்பு ஏறக்குறைய 2700. எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். மின்னழுத்தம் குறைந்து அழுது வடியும் பல்பின் கீழே பாடம் படித்த தலைமுறைக்கு, பளீரென்ற வெள்ளை வெளிச்சம் வாழ்க்கை நிமிர்ந்ததன் அடையாளம். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கும் கூடம் நண்பகலாகவே இருந்தால் உடம்பு குழம்பும். தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பதை நீல ஒளி தாமதப்படுத்துகிறது. போதாக்குறைக்கு, வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் அத்தனை ஒளியையும் மேலே திருப்பியடிக்கிறது. நிழலே இல்லாத அறையில் ஒதுங்கி உட்கார ஒரு மூலை கிடைப்பதில்லை.

செட்டிநாட்டு வீட்டில் வெளிச்சத்தின் வாசல் முற்றம். அங்கே விழும் வெயில் தரையில் பட்டு, தூண்களைத் தாண்டி, வளவுத் தாழ்வாரத்தில் நடந்து, அறைக்குள் போகும்போது பாதியாகியிருக்கும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் அரக்குச் சிவப்பும் பச்சையும் அதன் கூச்சத்தை மேலும் தணிக்கும். ஒரே நேரத்தில் ஒரே வீட்டுக்குள் பல அளவு வெளிச்சம். அரிசி புடைப்பவர் முற்றத்தோரம் உட்காருவார். மதியம் கண்ணயர்பவர் உள்ளே தள்ளிப் படுப்பார். வேலைக்கேற்ற இடத்தை வெளிச்சமே காட்டிக்கொடுத்தது.

அடுக்குமாடியில் முற்றம் கட்ட முடியாதுதான். விளக்கைப் பிரித்துப் போடலாமே! கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின் போதும். கூரை விளக்குகளில் பாதிக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள். உட்கார்ந்தால் தோளுயரத்தில் வருமாறு சுவரோரம் ஒரு விளக்கு இருந்தால், மாலையில் அது ஒன்றே போதும். சமையல் மேடையும் படிக்கும் மேஜையும் மட்டும் விதிவிலக்கு; அங்கே 4000 கெல்வினில் நல்ல வெளிச்சம் வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அழகுக்காக மங்கலாக்குவது ஆபத்து: வயதான கண்ணுக்குக் கூடுதல் ஒளி தேவை, குறிப்பாகக் குளியலறைக்குப் போகும் வழியில். வாங்கும்போது சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள். அது 90க்கு மேல் இருந்தால் தட்டிலுள்ள குழம்பும் எதிரே இருப்பவர் முகமும் தத்தம் நிறத்தில் தெரியும்.

வீடு இப்போதுதான் கட்டுகிறீர்களா? சோபா எங்கே, கட்டில் எங்கே என்று முடிவு செய்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் பாயிண்ட் சொல்லுங்கள். பூச்சு முடிந்தபின் சொன்னால் சுவரை வெட்டித்தான் வயர் இழுக்க வேண்டும்.