பசுவை விற்று வாங்கிய பேடு

கோவில்பட்டி ஹாக்கி ஊர் என்பது எப்போதும்வென்றான் கிராமம் வரைக்கும் சுற்றுவட்டாரச் சம்சாரிகளுக்கெல்லாம் தெரியும். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், இங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தியும் இந்தியாவுக்காக ஆடினார்கள். இருவருமே பந்தை முன்னால் கொண்டுபோகிறவர்கள். கோல்கீப்பர் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பையன்தான் இந்தக் கரிசக்காட்டில் அரிது. "ஏலே, நீ கீப்பருக்கு நில்லுலே" என்று கடைக்குட்டியைத் தள்ளிவிடுவதே வழக்கம்.

அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. கேரளத்தின் கிழக்கம்பலத்தில் 1988-இல் பிறந்த இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ், திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளிக்குத் தடகள வீரனாகத்தான் போனார். கோலில் நிற்கச் சொன்னவர் அங்கிருந்த பயிற்சியாளர். மட்டை மட்டும் இருந்தால் மற்றவர்கள் ஆடிவிடலாம். கீப்பருக்குக் கால் பேடு, கிக்கர், மார்புக் கவசம், ஹெல்மெட், இரண்டு கைக்கும் இரண்டு விதக் கையுறை என்று எல்லாம் வேண்டும். விவசாயியான அப்பா வீட்டுப் பசுவை விற்று அவற்றை வாங்கிக் கொடுத்தார். மழை பொய்த்த வருஷத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போன நம் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

கீப்பரின் வாழ்க்கையில் பாதி காத்திருப்பு. அயர்லாந்தில் ஹாக்கிக்கு உறவான ஹர்லிங் ஆட்டத்தில், கில்கென்னி அணியின் நோயல் ஸ்கீஹன் ஒன்பது அகில அயர்லாந்துப் பதக்கம் வென்றவர். அவற்றில் முதல் மூன்று, மாற்று கீப்பராக வெளியே உட்கார்ந்து பெற்றவை. ஸ்ரீஜேஷும் 2006-இல் இந்திய அணிக்குள் வந்தபின் வெகுகாலம் மூத்த கீப்பர்களின் நிழலில்தான் இருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா எல்லா ஆட்டத்திலும் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனது. அந்த அணியிலும் அவர் இருந்தார்.

இரண்டே வருஷத்தில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு. பாகிஸ்தானோடு இறுதியாட்டம், ஷூட்அவுட். எதிராளி 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவர எட்டு விநாடி. கீப்பர் முன்னேறி வந்து கோணத்தைக் குறுக்க வேண்டும், ஆனால் முதலில் விழுந்துவிடக் கூடாது; விழுந்தால் பந்து பக்கவாட்டில் போய்விடும். அன்று ஸ்ரீஜேஷ் இரண்டைத் தடுத்தார். தங்கமும் ரியோ ஒலிம்பிக் இடமும் கிடைத்தன.

2017-இல் முழங்கால் தசைநார் அறுந்தது. தாவுவதே பிழைப்பாகக் கொண்டவருக்கு அதைவிடக் கெட்ட காயம் இல்லை. மீண்டு வந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்ற நிலையில், கடைசி சில விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தார். சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980-இல் வாங்கிய தங்கத்துக்கு 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த பதக்கம் அது.

ஆனால் என் மனசில் நிற்பது 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதிதான். 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். பிரிட்டன் அலையலையாக வந்தது. காலால், கையால், மட்டையால் தடுத்துக்கொண்டே இருந்தார் ஸ்ரீஜேஷ். 1-1, ஷூட்அவுட்டில் 4-2. பிறகு ஸ்பெயினை வென்று வெண்கலத்தோடு விடைபெற்றார். அவருடைய 16-ஆம் எண் சட்டைக்கும் ஹாக்கி இந்தியா ஓய்வு கொடுத்தது.

அதன்பின் அவர் இந்திய ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் பெல்ஜியத்தை இந்தியா ஷூட்அவுட்டில்தான் வென்றது. கோலில் நின்றவர் பிரின்ஸ்தீப் சிங். அப்படி ஒருவன் கோவில்பட்டியிலிருந்தும் வரட்டும். அவனுக்கான பேடையும் ஹெல்மெட்டையும் பள்ளிக்கூடமும் ஊரும் வாங்கி வைக்க வேண்டும். அவன் வீட்டு மாடு தொழுவத்திலேயே இருக்கட்டும்.