அச்சாணி கழன்றால்...

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு மட்டுந்தானா இது பொருந்தும்? சாலையில் விரையும் ஒரு மோட்டார் காரை எண்ணிப் பாருங்கள். சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 30,000 உறுப்புகள் ஒன்றுசேர்ந்ததே ஒரு கார். அவற்றுள் ஸ்பார்க் பிளக் என்பது நம் விரலளவே இருக்கும். அது வந்து சேராத நாளில், பல கோடி செலவில் எழுப்பிய ஆலையும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்!

வேலைநிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலர், "உழைக்க மனமில்லாதவர்களின் வேலை இது" என்று முகம் சுளிக்கிறோம். வேறு சிலரோ, "முதலாளி என்றாலே கொடியவன்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இவ்விரண்டும் அவசரத் தீர்ப்புகளே. உண்மையை அறிய விரும்பினால், வாசகர்களே, என்னோடு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் என்னும் நகருக்குச் சற்றே வாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மாபெரும் கார் நிறுவனம் பிறந்து வளர்ந்த ஊர் அது.

அச்சுகள் நகர்ந்த நாள்

1936ஆம் ஆண்டு. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் வடுக்கள் ஆறாத காலம். ஆலையில் ஓடும் வரிசையின் வேகத்தை மேலாளர்கள் கூட்டிக்கொண்டே போனார்கள். மாலையில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு உணவுண்ணவும் கை எழவில்லை. புதிய மாடலுக்காக ஆலையை மூடும் மாதங்களில் ஊதியமும் இல்லை. சங்கத்தில் சேர்ந்தவர் யார் என்று அறிய ஒற்றர்களை அமர்த்தியிருந்ததும் பின்னர் செனட் விசாரணையில் வெளிப்பட்டது.

காரின் உடற்பகுதித் தகடுகளை வடித்தெடுக்க 'டை' எனப்படும் எஃகு அச்சுகள் தேவை. அவை இல்லையேல் தகடு இல்லை. தகடு இல்லையேல் கார் இல்லை. டிசம்பர் 30 அன்று, பிஷர் முதலாம் எண் ஆலையிலிருந்த அச்சுகளை வேறு ஊர்களுக்கு அனுப்ப ரயில் பெட்டிகளில் ஏற்றுவதைத் தொழிலாளர்கள் கண்டனர். அச்சுகள் போனால் தங்கள் வேலையும் போகும், சங்கத்தின் வலிமையும் போகும் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். அன்றிரவு அவர்கள் வெளியேறவில்லை. இயந்திரங்களை நிறுத்திவிட்டு உள்ளேயே அமர்ந்துவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற உள்ளிருப்பு வேலைநிறுத்தம் இவ்வாறு தொடங்கியது.

அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு வியப்புக்குரியது. ஆலைக்குள் மதுவுக்குத் தடை. நாள்தோறும் தரையைத் துப்புரவு செய்தல் கட்டாயம். விதி மீறியவரை விசாரிக்கத் தமக்குள்ளேயே ஒரு மன்றம். கார் இருக்கைகளே அவர்களுக்குப் படுக்கைகள். வெளியிலோ, அவர்களுடைய மனைவியரும் சகோதரியரும் தாய்மாரும் அணி திரண்டனர். சமைத்து அனுப்பினர், குழந்தைகளைப் பேணினர். ஜனவரி 11 அன்று இரண்டாம் எண் ஆலையில் வெப்பமூட்டும் வசதியை நிறுத்தி, காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசியபோது, ஜெனோரா ஜான்சன் என்னும் இளம்பெண் ஒலிபெருக்கியைப் பற்றி நகரத்துப் பெண்களைத் துணைக்கு அழைத்தார். இது ஆண்களின் ஊதியப் பிரச்சினை மட்டுமன்று, அடுப்பெரியும் பிரச்சினை என்பதை அந்தப் பெண்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பிப்ரவரி முதல் நாள், ஓர் ஆலையில் ஆரவாரம் எழுப்பிக் காவலரை அங்கே ஈர்த்துவிட்டு, செவ்ரலே கார்களுக்கு எஞ்சின் செய்யும் நான்காம் எண் ஆலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றினர். நிறுவனத்தின் உற்பத்தி ஏறக்குறைய அற்றே போயிற்று. மாநில ஆளுநர் பிராங்க் மர்பி படையை வரவழைத்தார். ஆனால் தொழிலாளர்களைத் துரத்த அதனை ஏவவில்லை. இரு தரப்பையும் பேச வைத்தார். 44 நாள்கள் கழித்து, 1937 பிப்ரவரி 11 அன்று உடன்பாடு பிறந்தது. சங்கத்தை நிறுவனம் ஏற்றது.

மீண்டும் அதே அச்சுகள்

அறுபது ஆண்டுகள் உருண்டோடின. 1998ஆம் ஆண்டு, அதே ஊர், அதே நிறுவனம். மே மாத இறுதியில் ஒரு விடுமுறை நாளில், பிளின்ட் உலோக ஆலையிலிருந்து அச்சுகளை நிர்வாகம் ஒஹையோ மாநிலத்துக்கு எடுத்துச் சென்றது. "வாக்களித்த முதலீட்டைத் தராமல் ஏமாற்றுகிறார்கள்" என்றது சங்கம். "ஒதுக்கிய அளவை விரைவில் முடித்துவிட்டு முழு நாள் ஊதியம் பெறும் பழைய முறையை விட மறுக்கிறார்கள்" என்றது நிர்வாகம். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை.

ஜூன் 5 அன்று அந்த ஆலையும், ஜூன் 11 அன்று ஸ்பார்க் பிளக், வடிகட்டி முதலியன செய்யும் மற்றோர் ஆலையும் நின்றன. வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுமார் 9,200 பேர். ஆனால் விளைவு என்ன? வட அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் பொருத்தும் ஆலைகளில் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வேலையின்றி நின்றனர். 54 நாள்கள்! நிறுவனத்தின் இழப்பு 200 கோடி டாலரைத் தாண்டியது.

ஒரு கை வலித்தால் உடல் முழுதும் படுத்துக்கொண்டது ஏன்? முன்பெல்லாம் ஆலைகளின் கிடங்குகளில் வாரக்கணக்கில் உதிரிபாகங்கள் குவிந்திருக்கும். அது வீண் செலவு என்று கருதி, தேவையான பொருள் தேவையான நேரத்தில் மட்டும் வந்து சேரும் முறையை நிறுவனங்கள் கைக்கொண்டன. கையிருப்பு குறைந்தது; இலாபம் கூடியது. ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் தாங்கிக்கொள்ள இடைவெளியே இல்லாமல் போயிற்று.

கயிறு யார் கையில்?

இந்த முறை ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் உருவானது. அங்கும் 1950இல் பெரும் தொழில் தகராறு மூண்டது. ஏறத்தாழ 1,600 பேர் வேலையை விட்டு விலக நேர்ந்தது. நிறுவனத் தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பொறுப்பேற்றுத் தம் பதவியைத் துறந்தார். 1962இல் நிர்வாகமும் சங்கமும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. ஒருவரையொருவர் நம்பி நடப்பது அதன் அடிப்படை.

டொயோட்டாவின் ஆலையில் ஒரு கயிறு உண்டு. குறை ஒன்றைக் கண்டால் சாதாரணத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே சீராகாவிடில் வரிசை நின்றுவிடும். சிந்தித்துப் பாருங்கள்! பிளின்ட்டில் தொழிலாளி போராடிப் பறித்த 'நிறுத்தும் ஆற்றலை', இங்கே நிறுவனமே அவன் கையில் கொடுத்து வைத்திருக்கிறது. டொயோட்டாவும் குறையற்றதன்று, அதன் கடும் வேலைப்பளு கண்டனத்துக்கு உள்ளானதுண்டு. எனினும் ஒரு பாடம் தெளிவு: கிடங்கிலுள்ள கையிருப்பைக் குறைப்பவர், மனங்களிலுள்ள நம்பிக்கையைக் கூட்டியே ஆக வேண்டும். அமெரிக்க நிறுவனம் முன்னதைக் கற்றுக்கொண்டது, பின்னதை மறந்துவிட்டது.

வென்றவர் யார்?

1998இல் அச்சுகள் திரும்பி வந்தன. தொழிலாளர்களும் வேலை விதிகளில் சில மாற்றங்களுக்கு இசைந்தனர். ஆனால் அடுத்த ஆண்டே பிளின்ட்டின் புகழ்பெற்ற பியூக் சிட்டி ஆலை மூடப்பட்டது. உதிரிபாகப் பிரிவை டெல்பை என்ற பெயரில் நிறுவனம் தனியே பிரித்துவிட்டது. அது 2005இல் திவாலாயிற்று. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு அளித்தது. வேலைநிறுத்தம் ஒன்றே இதற்குக் காரணம் என்பது நேர்மையாகாது. வெளிநாட்டுக் கார்களின் போட்டியும், நிர்வாகத்தின் தவறுகளும், ஏறிய செலவும் சேர்ந்தே வீழ்த்தின. எவ்வாறாயினும், 1960இல் சுமார் 1,97,000 மக்கள் வாழ்ந்த பிளின்ட்டில் 2020இல் எஞ்சியவர்கள் 81,000 பேரே. கிடைத்த வெற்றியைக் கொண்டாட ஊரில் ஆளில்லை!

அதற்காக வேலைநிறுத்தமே வீண் என்று சொல்லிவிடலாமா? 2023 செப்டம்பர் 15 அன்று, போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் ஒரே வேளையில் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. எல்லா ஆலைகளையும் நிறுத்தவில்லை. முதலில் மூன்றை மட்டுமே தேர்ந்தெடுத்து, பின்னர் படிப்படியாகக் கூட்டியது. நிறுவனங்கள் நெருக்கடியில் தவித்த நாளில் தொழிலாளர்கள் விட்டுக்கொடுத்தவற்றை, இலாபம் கொழித்த நாளில் திருப்பிக் கேட்டார்கள். ஆறு வாரங்களுக்குப் பின், 2028 ஏப்ரல் வரையிலான ஒப்பந்தத்தில் 25 விழுக்காடு ஊதிய உயர்வும், விலைவாசிக்கேற்ற படியும் கிட்டின.

ஆனால் அந்த ஆறு வாரங்களில் வேலைநிறுத்தம் செய்தவருக்குச் சங்கம் வாரம் 500 டாலர் வழங்கியது. இந்த வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இல்லாத, உதிரிபாகம் செய்து தரும் சிற்றாலைத் தொழிலாளிக்கு அந்தத் தொகை கிடைக்காது. ஆலை நின்றால் அவன் வீட்டு உலையும் நிற்கும். பெரிய தேர்கள் மோதும்போது நசுங்குபவன் அவனே.

வாசகர்களே! உங்களில் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவரும் இருப்பீர்கள். ஒருவரிடம் வேலை பார்ப்பவரும் இருப்பீர்கள். வேலை கொடுப்பவரே, அச்சுகளை இரவோடிரவாக நகர்த்தாதீர்கள்; சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வேலை செய்பவரே, நிறுத்தும் ஆற்றல் உங்கள் கையில் உண்டு; அதை இழுக்குமுன், உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

அச்சாணி சிறியதுதான். அதனை மதிக்காத தேரும் ஓடாது. தேரை மறந்த அச்சாணிக்கும் பயனில்லை.