தூரத்துச் செவிக்குத் தூய ஒலி

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்கள் சங்கங்கள் அமைத்து, இசைவிழாவும் பட்டிமன்றமும் நடத்தி வருவதை நேயர்கள் அறிவார்கள். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர், இந்நிகழ்ச்சிகளை இணையத்தின் வழியே உடனுக்குடன் ஒலிபரப்புவதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அரங்குக்கு வர இயலாத முதியோரும், தமிழ்ப் பேச்சு காதில் விழாத ஊர்களில் பணிபுரிவோரும் இதனால் பெறும் ஆறுதல் சிறிதன்று. ஆயினும், படம் தெளிவாகத் தெரிய, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது உண்டு. படம் மங்கினால் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்கள்கூட, சொல் விளங்காவிட்டால் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள்.

மைக்கினுள் புகுந்துவிட்ட கெடுதலைப் பின்னர் முழுவதும் நீக்குவது அரிது. ஆகவே விலையுயர்ந்த கருவிகளைத் தேடுமுன், மைக் பேசுவோரின் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தூரம் இருமடங்கானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ, மின்விசிறியின் இரைச்சலோ அவ்வாறு குறைவதில்லை. கிணற்றுக் குரலுக்குக் காரணம் இதுவே. ஒரு சாண் தூரம் போதும். சற்றே பக்கவாட்டில் வைத்தால், 'ப'கரத்தை உச்சரிக்கையில் எழும் மூச்சு மைக்கில் மோதாது. பேச்சுக்கு டைனமிக் வகை மைக்கே ஏற்றது. கார்டியாய்டு அமைப்புடைய மைக் பின்புறத்து ஒலியை மிகக் குறைவாகவே ஏற்குமாதலால், அதன் முதுகு ஒலிபெருக்கியை நோக்கியிருக்கட்டும். கண்டென்சர் வகையாயின், மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் அதற்குச் செல்ல வேண்டும்.

மிக்ஸரில் மேலே கெயின் என்ற திருகும், கீழே ஃபேடர் என்ற நகர்த்தியும் உள்ளன. இரண்டும் ஒலியைக் கூட்டுவனவே என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை முதன்முதலில் பெருக்குவது கெயின். அதை மிகக் குறைத்து வைத்துப் பின்னர் ஃபேடரால் ஈடுசெய்தால் இரைச்சலும் சேர்ந்து உயரும். மிகுத்து வைத்தால் ஒலி சிதையும், ஃபேடரைத் தாழ்த்துவதால் சிதைந்தது சீராகாது. கணினியின் அளவுகோலில் 0 டெசிபலே உச்சவரம்பு. சராசரிப் பேச்சு –18 அளவிலும், உரத்த குரல் –6ஐத் தாண்டாமலும் இருப்பது நலம். சோதனையின்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்ற முணுமுணுப்பு உதவாது. மேடையில் பேசப்போகும் குரலிலேயே பேசச் சொல்லுங்கள். தீர்ப்பு வழங்கும் நடுவரின் குரல் எவ்வளவு உயரும் என்பதை நாம் அறிவோம். அதற்கும் இடம் விட்டு வைக்க வேண்டுமல்லவா?

இசைக் கச்சேரியில் சிக்கல் வேறுவிதமானது. சிறிய அரங்கில் மிருதங்கத்தின் நாதம் ஒலிபெருக்கியின்றியே எங்கும் நிறைகிறது. ஆதலால் மிக்ஸரை இயக்குபவர் அதைத் தாழ்த்தியே வைப்பார். அரங்கினருக்கு எக்குறையும் தோன்றாது. அதே கலவையை இணையத்துக்கும் அனுப்பினால், தூரத்து நேயர் மிருதங்கம் இல்லாத கச்சேரியைத்தான் கேட்பார். மிக்ஸரின் ஆக்ஸிலியரி வெளியீட்டை, ஃபேடருக்குக் கட்டுப்படாத நிலையில் அமைத்து, இணையத்துக்கெனத் தனிக் கலவை ஒன்றைத் தயாரிப்பதே வழி. அரங்கினரின் கரவொலிக்கு மேலும் ஒரு மைக் வைத்து, அதை மிகச் சிறிதளவே கலந்தால், கேட்போருக்குத் தாமும் சபையில் இருப்பது போன்ற உணர்வு உண்டாகும்.

இனிக் கணினி. மிக்ஸரின் வெளியீட்டை மடிக்கணினியின் மைக் துளையில் நேரே செருகினால் ஒலி சிதைவது இயல்பு, யு.எஸ்.பி. வழியாக இணைப்பதே நல்லது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையது. அதன் 'ம்ம்' என்ற முரலல் கேட்டால், மின்னூட்டியைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கலாம்.

கூட்டம் நடத்துவதற்கென அமைந்த செயலிகளில் இரைச்சலை அடக்கும் வசதி தானே இயங்கும். அது மின்விசிறியின் ஓசையையும் தம்புராவின் சுருதியையும் ஒன்றாகவே கருதும்! இடைவிடாது ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சலே. சுருதி அவ்வப்போது மறைந்து தோன்றுமானால் இதையே ஐயுறுக. ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைத் தேர்ந்துகொண்டால் இத்தொல்லை நீங்கும்.

நிகழ்ச்சி முழுவதும் ஒருவர் காதை மூடும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேறோர் இல்லத்தில் இன்னொருவர் கைப்பேசியில் கேட்டுச் செய்தி அனுப்புவாராயின் மிகவும் நன்று. ஒலி அவரைச் சென்றடையச் சில வினாடிகளேனும் ஆகும். ஆகவே அவர் குறை சொன்னதும் திருகுகளைத் தொடாமல், அக்குறை எந்தச் சொல்லில் நேர்ந்தது என்று முதலில் கேட்டறியுங்கள்.