ஜாமீன் கிடைத்தும் சிறையில்! தாராவித் தமிழர்களுக்கு வழிகாட்டும் வக்கீலும் சட்ட மாணவியும்

மும்பையில் ரெயில் முன்பதிவு கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு, ஊருக்குப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்தே காரணம் தெரிந்துவிடும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். சாவுக்குப் போகிறவர்கள் எந்த ரெயிலானாலும் சரி என்பார்கள். சென்ற மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என் கவுண்ட்டருக்கு வந்த அம்மாள் இந்த இரண்டிலும் சேரவில்லை.

"திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்டு ஐயா. திரும்பி வர இரண்டு டிக்கெட்டு" என்றார்.

"கூட வருவது யார்? பெயர், வயது சொல்லுங்கள்" என்றேன்.

"என் தம்பி. வருவானோ மாட்டானோ தெரியாது. அவன் பேரில்தான் அரை ஏக்கர் நிலம் இருக்கு. ஜாமீனுக்கு நிலம் வேணுமாமே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய மகனுக்கு 20 வயது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. இரவில் நடந்த ஒரு கைகலப்பில் போலீசார் பிடித்த ஐந்து பேரில் அவனும் ஒருவன். மாஜிஸ்திரேட்டு ஜாமீன் கொடுத்துவிட்டார். ஆனால் ரூ.15 ஆயிரத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. வாடகைக் குடிசையில் இருக்கும் குடும்பத்துக்கு அப்படி யார் கிடைப்பார்கள்? உத்தரவு வந்து 19 நாள் ஆகியும் பையன் சிறையில் இருந்தான். கோர்ட்டு வாசலில் நின்ற ஒருவன், "8 ஆயிரம் கொடு, ஜாமீனுக்கு ஆள் தருகிறேன்" என்று பேரம் பேசியிருக்கிறான்.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமைதான் ரெயிலில் இடம் இருந்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் திரும்பியபோது, வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "ஏம்மா, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தொண்ணூறு அடி ரோட்டுக்கு வா. நம்ம வக்கீல் இருப்பார். காசு வாங்க மாட்டார்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன்.

மாடி அறை

அது ஒரு சிறிய மாடி அறை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, தரையில் பாய். வக்கீல் நெல்லை மாவட்டத்துக்காரர். பதினைந்து வருடமாக மும்பை கோர்ட்டுகளில் தொழில் செய்கிறார். அவருக்கு உதவியாக இருக்கும் பெண் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தாராவி. தகப்பனார் தோல் வெட்டும் தொழிலாளி. இருவருமே, "எங்கள் பெயரைப் போட வேண்டாம். விஷயத்தைப் போடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள்.

மாணவி கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. அதற்குப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். ஆனால் வக்கீலுக்கு இல்லாத ஒரு பலம் அவரிடம் இருக்கிறது. மராத்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. போலீஸ் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் பஞ்சநாமாவும் இங்கே மராத்தியில்தான் எழுதப்படுகின்றன. தமிழ்த் தாய் தகப்பன்மார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, மகன் மேல் என்ன குற்றம் என்றே தெரியாமல் அலைகிறார்கள். மாணவி அதை வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்கிறார். டிக்கெட் வாங்கிய அம்மாளுக்கும் அன்றைக்குத்தான் மகன் மீதுள்ள வழக்கு என்னவென்று தெரிந்தது.

1978 தீர்ப்பு

அந்த அம்மாளின் காகிதங்களைப் பார்த்தபின் வக்கீல் என்னிடம் கூறியதாவது:-

"வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழனுக்கு இதுதான் பெரிய கஷ்டம். சொத்து ஊரில், வழக்கு இங்கே. ஆனால் இதற்கு 1978-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு வழி சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு அது. 10 ஆயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட்டு ஏற்க மறுத்துவிட்டார்.

"பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர்தான் அந்தத் தீர்ப்பை எழுதினார். ஒரு தமிழரோ, மலையாளியோ, கன்னடரோ, ஆந்திரரோ தன் ஊரைவிட்டு வெகு தூரத்தில் கைதானால், அங்கே சொத்துள்ள ஆளை எப்படிக் கொண்டுவருவார் என்று அதில் கேட்டார். சொத்து வேறு மாவட்டம் என்பதற்காக ஜாமீன்தாரைத் தள்ளக் கூடாது என்றார். கொத்தனார் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே வர உத்தரவானது.

"2023-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதியும் சுப்ரீம் கோர்ட்டு இதைப் பற்றி வழிகாட்டியிருக்கிறது. ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறை சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் கட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமானால், அந்த நிபந்தனையைப் போடாமல் இருக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத்தான் ஆள் வேண்டும்."

இவ்வாறு அவர் கூறினார்.

நாலில் மூன்று பேர்

வக்கீல் சொன்னது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. அரசாங்கக் கணக்குப்படி 2022-ம் ஆண்டின் கடைசி நாளில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது அரசியல் சட்டத்தில் 1976-ம் ஆண்டு சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவின் நோக்கம். அதற்கான சட்டம் 1987-ல் நிறைவேறி, 1995-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீலைக் கேட்கலாம். "இலவச வக்கீல் என்றால் சரியாகப் பார்க்க மாட்டார் என்று சொல்லி, கடன் வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்" என்று மாணவி வருத்தப்பட்டார்.

வாலிபர்களுக்கு வகுப்பு

ஆறு மணிக்கு மேல் பாயில் இருபது முப்பது வாலிபர்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு மாணவி "அக்கா". அவர் சொல்லிக் கொடுப்பது நாலே விஷயம்:-

* கைது செய்தால் காரணம் கேளுங்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

* பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். அங்கே, "எனக்கு வக்கீல் இல்லை, இலவச வக்கீல் வேண்டும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

* எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

* தம்பி தங்கைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்பது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். வயதைக் காட்ட அந்தக் காகிதம்தான் முதலில் நிற்கும்.

அன்று வகுப்பை எட்டிப் பார்த்த ஒரு தாத்தா, "சண்டை போடுகிற பயல்களுக்குச் சட்டமும் சொல்லிக் கொடுத்தால் இன்னும் துள்ள மாட்டானா?" என்று கேட்டார். எனக்கும் மனதில் அந்தக் கேள்வி இருந்தது.

மாணவி கோபப்படவில்லை. "தாத்தா, தப்பு செய்தால் கோர்ட்டு தண்டனை கொடுக்கட்டும். நான் தடுக்கவில்லை. ஆனால் நிலம் இல்லை என்பதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது. இந்தப் பையன்கள் அதைத்தான் அனுபவிக்கிறார்கள்" என்றார். தாத்தா சிறிது நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை

திங்கட்கிழமை வக்கீல் சிறைக்குச் சென்று பையனிடம் கையெழுத்து வாங்கினார். செவ்வாய்க்கிழமை மனு போட்டார். ரூ.5 ஆயிரம் ரொக்கமாகக் கட்டி வெளியே வரலாம், ஜாமீன்தாரை 4 வாரத்தில் கொண்டுவந்தால் போதும் என்று புதன்கிழமை உத்தரவானது. அதே சந்தில் குடியிருக்கும் ஒருவர், மாதச் சம்பளக்காரர், ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டார். வியாழன் மாலை பையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வழக்கு முடிந்துவிடவில்லை. அது நடந்துகொண்டிருக்கிறது. பட்டறையில் அவன் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே கழிந்த நாட்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியிலிருந்து நடந்து போகிறான்.

வாசகர்களில் யாருக்காவது இப்படி ஒரு நிலை வந்தால், கோர்ட்டு வாசலில் பேரம் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி கிடைக்கும். அந்தந்தக் கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தும் போகலாம்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாள் மறுபடி என் கவுண்ட்டருக்கு வந்தார். கூடவே ஒல்லியாக ஒரு பையன். டிக்கெட்டுகளை நீட்டி, "ரத்து செய்துடுங்க ஐயா" என்றார். பிடித்தம் போக மீதியை எண்ணிக் கொடுத்தேன். "எண்ணிப் பாருங்கம்மா" என்றேன். அவர் எண்ணவில்லை. பையன் கையில் கொடுத்து, "நீ எண்ணு" என்றார்.