இஸ்தானாவில் வாழ்ந்தது யார், கட்டியது யார்?

தீபாவளியை ஒட்டி இஸ்தானாவின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறக்கும்போது, வரிசையில் நிற்பவர்களிடம் "இங்கே குடியிருப்பது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதிபர்" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால், நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கூட அந்த வெள்ளை மாளிகையின் முதன்மைக் கட்டடத்தில் குடியிருக்கவில்லை.

1867ல் நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. புதிய ஆளுநர் ஹேரி ஆர்டுக்கு ஒரு மாளிகை தேவைப்பட்டது. சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப் என்பவருக்குச் சொந்தமாக இருந்த பழைய சாதிக்காய்த் தோட்டத்தில் நிலம் வாங்கப்பட்டது. பிரின்செப் தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேஜர் மெக்நேர் வரைந்த திட்டப்படி 1869ல் 'அரசாங்க இல்லம்' கட்டி முடிக்கப்பட்டது.

கல் சுமந்தவர்களும் சுவர் எழுப்பியவர்களும் இந்தியக் கைதிகள். 1825 முதல் இங்கு கொண்டுவரப்பட்ட அவர்களில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பிராஸ் பசா சிறையில் தங்கவைக்கப்பட்ட அவர்கள் கொத்து வேலை, தச்சு வேலை, கொல்லு வேலை எனப் பல தொழில்களைக் கற்றார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்களும் அவர்களே. சிராங்கூன் சாலையில் இருந்த அரசாங்கச் செங்கல் சூளையிலும் கைதிகள் உழைத்தார்கள். அந்த வட்டாரத்தை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்ததற்கு அங்கிருந்த சுண்ணாம்புத் தொழிலே காரணம்.

மாளிகையில் தொண்ணூறு ஆண்டுகள் ஆளுநர்கள் வாழ்ந்தார்கள். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் தளபதி தெராவுச்சி தங்கினார். 1959ல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அரசாங்க இல்லம், மலாய் மொழியில் அரண்மனையைக் குறிக்கும் 'இஸ்தானா' என்ற பெயரைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாட்டின் தலைவராகப் பொறுப்பேற்ற யூசோஃப் இஷாக், பெரிய மாளிகையை விட்டு, அதே வளாகத்தில் இருந்த 'ஸ்ரீ மெலாத்தி' என்ற சிறிய பங்களாவில் குடும்பத்துடன் வாழ்ந்தார்.

அவருடைய மனைவி நூர் ஆயிஷாவுக்கு அப்போது வயது 26. பல்கலைக்கழகம் முடித்து முதல் வேலையில் சேரும் வயது. ஆங்கிலேயப் பாணி விருந்துகளுக்குப் பழகிய மாளிகைச் சமையல்காரர்களுக்கு ரெண்டாங், குவே போன்ற உள்ளூர் உணவு வகைகளைச் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர். மாளிகையின் பெயர்ப் பலகை மாறியதைப் போலவே அதன் அடுப்படி மாறியதும் விடுதலையின் ஓர் அடையாளம்தான்.

பின்னர் வந்த எஸ்.ஆர். நாதன் தம் சிலோன் சாலை வீட்டிலிருந்தே இஸ்தானாவுக்கு வேலைக்குச் சென்றார். 2017ல் அதிபரான ஹலிமா யாக்கோப், பாதுகாப்புக் காரணங்களுக்காக இடம் மாறும்வரை ஈசூன் வீவக வீட்டில் வசித்தார். நம் இஸ்தானா, குடியிருக்கும் இடம் என்பதைவிட வேலை செய்யும் இடமாகவே இருந்துவருகிறது.

அமெரிக்காவின் வெள்ளை மாளிகை இதற்கு நேர்மாறு. 1800 நவம்பரில் ஜான் ஆடம்ஸ் குடிபுகுந்ததிலிருந்து அடுத்தடுத்த அதிபர்களுக்கு அதுவே வீடு. ஆனால், கட்டியவர்கள் கதையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அங்கே உழைத்தவர்களில் பலர் கறுப்பின அடிமைகள். பழைய சம்பளப் பட்டியல்களில் பீட்டர், பென், டேனியல் என்ற தச்சர்களின் பெயர்கள் இருக்கின்றன. மூவரும் கட்டட வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஹோபனின் அடிமைகள். வேலை செய்தது அவர்கள், கூலி போனது எசமானுக்கு. அந்தக் காகிதங்களைப் பாதுகாத்ததால்தான் இன்று அந்த மூன்று பெயர்களையாவது சொல்ல முடிகிறது. இஸ்தானாவைப் பற்றிப் பேசும்போதோ மெக்நேரின் பெயர் வருகிறது. உழைத்தவர்கள் 'இந்தியக் கைதிகள்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடலாமா? தீவின் மேற்கு முனைக்குப் போய்ப் பாருங்கள். துவாஸில் எழும் பெருந்துறைமுகம் 2040களில் முழுமை பெறவிருக்கிறது. நகரின் பல கட்டுமானத் தளங்களில் உழைக்கும் தமிழ்நாட்டு, பங்ளாதேஷ் ஊழியர்கள் துவாஸ் விடுதிகளில்தான் இரவில் கண்ணயர்கிறார்கள். அன்றைய கைதிகளைப் போலன்றி இவர்கள் விரும்பி வந்தவர்கள், சம்பளம் வாங்குபவர்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆனால், ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: கட்டி முடித்த பிறகு யாருடைய பெயர் மிஞ்சும்?

1979 முதல் வாய்மொழி வரலாற்று நிலையம் சாதாரண மக்களின் நினைவுகளையும் பதிவுசெய்து வருகிறது. இந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. பள்ளித் திட்டப்பணிக்கோ பல்கலைக்கழகக் கட்டுரைக்கோ தலைப்புத் தேடும் மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஓர் ஊழியரிடம் பேசலாம். எந்த ஊர், எந்தக் கட்டடத்தில் வேலை, எந்தத் தளத்தில் எந்தச் சுவர் என்று கேட்டு, அவர் சம்மதத்துடன் எழுதிவைக்கலாம். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் தமிழே போதும்.